பிளக் நனைந்ததா, காய்ந்ததா

ஸ்காபரோ,
தை மாதம், ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பின 40 விநாடி வீடியோவை ஐந்து தரம் பார்த்தேன். அம்மா உன் முகத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளை மெலிஞ்சு போச்சு" என்றா. நான் உன் வலது பெருவிரலைப் பார்த்தேன். சோக்கை முழுக்க இழுத்துவிட்டு, ஸ்ராட்டரை அமத்திக்கொண்டு, கூடவே அந்தப் பெருவிரலால் அக்சிலேற்றரையும் அமத்துகிறாய். மோட்டச் சைக்கிள் மாதிரி ஏறியிருந்து ஓடுகிற உந்த நாலு சில்லு வண்டி விடியக்காலையில் பிடிவாதம் பிடிப்பதற்குப் பாதிக் காரணம் அந்த விரல்தான்.

போனில் சொல்லலாம். ஆனால் நீ வடக்கே ரிமின்ஸில் மைனஸ் 27இல் கையுறையைக் கழற்றிவிட்டு நிற்பாய், நான் இங்கே சத்தம் போடுவேன், கடைசியில் அம்மா போனைப் பறித்து "சாப்பிட்டியோ" என்று கேட்பா. அதனால் எழுதுகிறேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு எட்டாம் வகுப்பு வரைக்கும் போனாய், எழுத்துக்கூட்டியாவது வாசிப்பாய். விளங்காத இடத்தில் என்னைக் கேள். அம்மாவைக் கேட்டால், அந்த வண்டியை வித்துப்போட்டு இங்கே வரச் சொல்லுவா.

முதலில் அந்த விரல். நீ வாங்கமுன் அனுப்பின படங்களில், பெற்றோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேற்றரைப் பார்த்தேன். சோக் என்று எழுதியிருந்தாலும் அது காற்றை அடைக்கிற பழைய தகடு இல்லை. உள்ளே பென்சில் தடிப்பில் ஒரு பித்தளைக் கட்டை இருக்கிறது. நீ இழுக்கும்போது அது மேலே கிளம்பி, கூடுதல் பெற்றோல் வர ஒரு தனி வழியைத் திறக்கும். அந்தப் பெற்றோலை இழுத்து எடுப்பது எஞ்சினின் உறிஞ்சல்தான். அக்சிலேற்றர் மூடியிருந்தால் உறிஞ்சல் முழுக்க அந்தச் சின்ன வழியில் பிடிக்கும். நீ விரலை வைத்தவுடன் காற்று பெரிய வாசலால் வந்துவிடும். ஓட்டை விழுந்த ஸ்ரோவால் சோடா குடித்துப் பார், தெரியும். ஆகவே சோக் முழுக்க, விரல் வெளியே. ஐந்து விநாடி சுத்தவிட்டு அரை நிமிடம் பொறு. பிடித்தபிறகும் உடனே உறுமவிடாதே. தானாக ஒரு சீராய் ஓடத் தொடங்கினபின் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாய் உள்ளே தள்ளு.

குளிரில் எஞ்சின் ஏன் பிடிக்காது என்று நான் கனடாவில் படிக்கவில்லை. சொன்னால் சிரிப்பாய், வெயில் கொளுத்துகிற யாழ்ப்பாணத்தில்தான் படித்தேன். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கினபின் பெற்றோல் வரவில்லை, மின்சாரமும் இல்லை. மோட்டச் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடியது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆவியாகாத எண்ணெயில் எவ்வளவு பொறி அடித்தாலும் நெருப்புப் பிடிக்காது. அதனால் ஒவ்வொருத்தர் சேட்டுப் பொக்கற்றிலும் கண்ணுக்கு விடுகிற மருந்துப் போத்தல் ஒன்று இருக்கும், அதற்குள் பெற்றோல். கார்புரேற்றர் வாயில் நாலு துளி விட்டு உதைத்தால் பிடிக்கும். எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெயே போதும், வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு ஓடும். சந்தியில் ஆரையும் கண்டு கதைத்தாலும் எஞ்சினை நிப்பாட்ட மாட்டோம், நிப்பாட்டினால் இன்னும் நாலு துளி செலவு. தோட்டத்து வாட்டர் பம்பும் அப்படித்தான், பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் இறைக்கும். உன் ஊர்க் குளிரில் பெற்றோலுக்கே மண்ணெண்ணெயின் குணம் வந்துவிடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

விரலை எடுத்தபிறகும் பிடிக்கவில்லையென்றால், பற்றரி சாகும்வரை அமத்திக்கொண்டு நிற்காதே. பொறி அடிக்கிற பிளக்கைக் கழற்றிப் பார். நீ தாதி, உனக்கு இது விளங்கும். நோயாளியின் நாக்கைப் பார்க்கிற மாதிரித்தான். நுனி காய்ந்திருந்தால் பெற்றோல் உள்ளே வரவில்லை. நனைந்து மணத்தால் பெற்றோல் வந்திருக்கிறது, பொறிதான் பலமில்லை, அல்லது நீ கூடுதலாய் ஊற்றி மூழ்கடித்துவிட்டாய். இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் சாமான் வாங்கி மாத்துகிறவன் காசைக் கரியாக்குகிறான். என் கராஜுக்கு அப்படி எத்தனையோ பேர் வந்தார்கள், ஒரு பை நிறையப் புதுச் சாமானோடு.

காய்ந்திருந்தால்: நீ ஐப்பசியில் வாங்கினபோது ராங்கியில் கிடந்த பெற்றோலா இப்போதும் இருக்கிறது? இங்கே பனிக்காலத்துக்கு ஒரு விதமாயும் கோடைக்கு ஒரு விதமாயும் பெற்றோல் கலக்கிறார்கள். பனிக்காலப் பெற்றோலில் லேசாய் ஆவியாகிற பியூட்டேன் கூட. கோடைப் பெற்றோல் தையில் பிடிக்கப் பஞ்சிப்படும். அதோடு கனநாள் கிடந்தால் முதலில் பறந்து போவதும் அந்த லேசான பகுதிதான். சாதாரண பெற்றோலில் பத்தில் ஒரு பங்களவு எதனோல் வேறு கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். ஆகவே பழசை முழுக்க வடித்துவிட்டுப் புதிசாய் அடி. கார்புரேற்றரின் அடிக் கிண்ணத்தில் ஒரு சின்ன திருகாணி இருக்கிறது, அதைத் தளர்த்தி அதையும் வடி. அப்படியும் காய்ந்தே கிடந்தால் பைலட் ஜெற் அடைத்திருக்கும். ஊசித் துவாரம் அது, பழைய பெற்றோலின் பிசின் அடைத்துக்கொள்ளும். கம்பி விட்டுக் குத்தாதே, துவாரம் பெருத்துப்போகும். கார்புரேற்றர் கிளீனர் அடித்து ஊதினால் போதும். சோக்கின் கேபிளையும் பார். நெம்பு வெளியே வருகிறது, ஆனால் உள்ளே கட்டை கிளம்புகிறதோ என்பது வேறு கதை. கேபிள் தொய்ந்தால் பாதிதான் திறக்கும்.

எயார் பில்டர் பெட்டியைத் திறக்கும்போது கவனம். வடக்கில் சுண்டெலி கூடு கட்ட அதைவிட நல்ல வீடு கிடைக்காது.

நனைந்திருந்தால்: சோக்கை உள்ளே தள்ளி, இந்த முறை மட்டும் அக்சிலேற்றரை முழுக்க அமத்தி, பத்து விநாடிக்குள் சுத்தவிடு. உள்ளே கிடக்கிற பெற்றோலைக் காற்று அடித்துக்கொண்டு போகும். பிறகு புது பிளக் ஒன்று போடு.

பொறி பலமில்லையென்றால் முக்கால்வாசி பற்றரிதான். மைனஸ் 18இல் பற்றரிக்குப் பாதிப் பலம்தான் மிஞ்சும், ஒயிலும் தேன்போல் தடித்திருக்கும். ஸ்ராட்டர் இருக்கிற மின்சாரத்தை எல்லாம் தானே குடித்துவிட்டால் பிளக்குக்கு என்ன மிஞ்சும்? மீற்றர் வைத்துப் பார். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ற் என்றால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி. சுத்தும்போது 10க்குக் கீழே இறங்கினால் அந்தப் பற்றரியை நம்பாதே. இரவில் கழற்றி வீட்டுக்குள் வை, இரண்டு நட்டுத்தான். சார்ஜ் இறங்கின பற்றரி மைனஸ் பத்துக்கு முன்னரே உறையக்கூடும். உறைந்து பிதுங்கியிருந்தால் சார்ஜ் போடாதே, வெடிக்கும். ஒயில் 10டபிள்யூ-40 கிடந்தால் 0டபிள்யூ-40 ஆக்கு, அந்த டபிள்யூ விண்டர்தான், முன்னால் இருக்கிற எண் குறையக் குளிரில் லேசாய் ஓடும். உன் வண்டியில் கிளச்சும் அதே ஒயிலில்தான் குளிக்கிறது, ஆகவே போத்தலில் அப்படிக் கிளச்சுக்கு ஏற்ற ஒயில் என்று காட்டுகிற ஜாசோ எம்.ஏ. குறி இருக்கிறதோ பார். கார் ஒயில் ஊற்றிவிட்டுக் கிளச் வழுக்குது என்று அழாதே.

இதெல்லாம் சரியாய் இருந்தும் காலையில் பிடிக்காமல், ஒருமுறை ஓடிச் சூடானபின் தொட்டவுடன் பிடிக்குமென்றால், எனக்கு வால்வுக்கும் அதை அமத்துகிற நெம்புக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் சந்தேகம். பழைய வண்டியில் வால்வு மெல்ல மெல்ல இருக்கைக்குள் இறங்கி இடைவெளி குறையும். குளிரில் அலுமினியம் இரும்பைவிடக் கூடச் சுருங்குகிறது, இருந்த கொஞ்ச இடைவெளியும் போய்விடும். வால்வு முழுக்க மூடாது, அமுக்கம் ஒழுகும். அதை நீ தனியத் தொடாதே. பங்குனியில் நான் வருகிறபோது இரண்டு பேருமாய்ச் செய்வோம்.

இரண்டு விஷயத்தில் அப்பா கண்டிப்பு. எஞ்சினைப் பிடிக்கவைக்க விற்கிற ஈதர் ஸ்பிரே வாங்கி அடிக்காதே. ஒருநாள் பிடிக்கும், ஆனால் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயிலைக் கழுவிவிடும், சிலவேளை முகத்துக்கே நெருப்பு வரும். மற்றது, குளிர் என்று கொட்டிலின் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்ராட் பண்ணாதே. கார்பன் மொனொக்சைட்டைப் பற்றி நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை, அதுக்காகச் சொல்லாமலும் இருக்க ஏலாது.

இதெல்லாம் உனக்கு எப்போதோ தெரிந்திருக்க வேண்டியவை. நீ சின்னப் பிள்ளையாய்க் கராஜ் வாசலில் வந்து நிற்பாய். "கை ஊத்தையாகும், போய்ப் படி" என்று அனுப்பிவிடுவேன். அண்ணாவைக் கூப்பிட்டு ஸ்பானரைக் குடுப்பேன், அவன் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பான். இப்போது அவனுக்கு ரயர் மாத்தவும் ஆள் வேண்டும். நீ 700 கிலோமீற்றருக்கு அங்கால் தனிய நின்று, உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போக வண்டி திருத்துகிறாய். உன்னைப் போய்ப் படி என்று அனுப்பினது என் பிழை.

நாளைக்கு ஒன்ராறியோ நோத்லாண்ட் பஸ்ஸில் ஒரு பார்சல் போடுகிறேன். பிளக் கழற்றுகிற நீளச் சாவி, புது பிளக் இரண்டு, மீற்றர், வால்வு இடைவெளி அளக்கிற என் பழைய பீலர் கேஜ் எல்லாம் இருக்கும். அம்மா மிளகாய்த் தூளும் பருத்தித்துறை வடையும் வைத்திருக்கிறா. வடைப் பையில் பெற்றோல் கையை வைக்காதே.

பிளக்கைக் கழற்றினதும் எனக்குப் படம் எடுத்து அனுப்பாதே. நனைந்ததா, காய்ந்ததா என்று நீயே பார்த்து, ஒரு சொல்லில் எழுது.

அன்புடன்
அப்பா