நோட்டீஸ் கொடுத்த நாளிலேயே பேசக்கூடாதா?

ஐயா,

போக்குவரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் என்றாலே 'மக்களுக்கு இடைஞ்சல்' என்று சில வாசகர்கள் எழுதுகிறார்கள். இடைஞ்சல்தான், மறுக்கவில்லை. 2018 ஜனவரி வேலைநிறுத்தத்தில் அம்பையிலிருந்து நெல்லைக்குத் தற்காலிக ஆட்கள் ஓட்டிய பேருந்தில் வந்தேன். கல்லிடைக்குறிச்சிக்கு எவ்வளவு, பத்தமடைக்கு எவ்வளவு என்று பயணிகளிடமே கேட்டுக் கேட்டுத்தான் நடத்துநர் சீட்டுக் கிழித்தார். சேரன்மகாதேவியில் வண்டியைப் பின்னால் எடுக்க, கீழே இறங்கி நின்று ஆள் ஆளுக்கு 'வரலாம், வரலாம்' என்று கை காட்டினார்கள். அந்தப் பையன்களைக் குறை சொல்ல மாட்டேன். வேலை இல்லாதவன் கூப்பிட்டால் வரத்தான் செய்வான்.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? முறைப்படி நடக்கும் வேலைநிறுத்தத்தின்போது புது ஆள் எடுப்பதை முறையற்ற தொழில் நடவடிக்கை என்றே 1947 தொழில் தகராறு சட்டம் பட்டியலிட்டது. அந்த 2018 வேலைநிறுத்தமும் ஊதிய உயர்வுக்கும் ஓய்வுபெற்றவர்களின் நிலுவைத் தொகைக்கும்தான். புதுச் சம்பளம் பழைய அடிப்படைச் சம்பளத்தைப் போல் 2.57 மடங்கு என்று சங்கங்கள் கேட்க, 2.44 என்று அரசு நின்றது. இந்த இழுபறியில் ஒரு வாரம் போயிற்று.

1908-இல், தூத்துக்குடி நெல்லை ஜில்லாவில் இருந்த காலத்தில், கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணைநிற்க வேலையை நிறுத்தினார்கள். வெள்ளைக்காரன் மில்லே கூலியை உயர்த்தி, ஞாயிறு விடுமுறையும் கொடுத்தது.

வேலைநிறுத்த நோட்டீஸ் வந்ததும் அரசு 'தற்காலிக ஓட்டுநர் தேவை' என்று ஆள் தேடுவதை விட்டு, அன்றைக்கே சங்கங்களைப் பேச அழைக்கட்டும்.

– ஒரு வாசகர், வீரவநல்லூர்