படகு குப்பத்திலிருந்துதான் வந்தது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொருளாதார ஏற்றத்தாழ்வு என்றாலே அது ஏழைகளின் கவலை என்று ஒதுக்கிவிடுகிறோம். 2022–23இல் இந்தியாவின் மொத்தச் செல்வத்தில் 40.1 சதவீதம் மேல்தட்டு 1 சதவீதத்தினரிடம் இருந்ததாக உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் மதிப்பிட்டது. சரி, அவர்களாவது நிம்மதியாக இருப்பார்கள் என்று பார்த்தால், அதுவும் சந்தேகம்தான்.

2015 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். அடையாறு பெருகியபோது கோட்டூர்புரத்திலும் மணப்பாக்கத்திலும் வசதியானவர்களின் வீடுகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. காவலாளி, ஜெனரேட்டர், உயரமான மதில் எதுவும் உதவவில்லை. படகோடு வந்து காப்பாற்றியவர்கள் மீனவர்கள். அப்புறம் சேற்றை அள்ள வெளியூர்களிலிருந்து துப்புரவுப் பணியாளர்கள் வந்தார்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோதோ, கையில் பணம் இருந்தும் லாரித் தண்ணீருக்காகக் காத்துக் கிடந்தோம்.

வியாபாரத்திலும் இதே கதைதான். கொரோனாவுக்குப் பிந்தைய ஆண்டுகளில் விலை உயர்ந்த கார்கள் நன்றாக விற்றன, சிறிய கார்கள் தேங்கின. சாதாரண மக்கள் கையில் காசு புழங்காவிட்டால் முதலாளி சரக்கை யாரிடம் விற்பார்? ஒரு கோடீஸ்வரர் ஒரு நாளைக்கு எத்தனை சோப்புதான் தேய்ப்பார்!

சொத்து வரி உயர்ந்தால் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் பெரிய ரகளையே நடக்கும். மழைநீர் வடிகாலுக்கு வேறு எங்கிருந்து பணம் வரும் என்று அடுத்த கூட்டத்தில் கேட்கலாம் என்றிருக்கிறேன்.

– ஒரு வாசகர், சென்னை