இன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டியதில்லை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி சித்தி போனில் அழுததில் பாதி எனக்குப் புரியவே இல்லை, நீ அனுப்பிய எக்ஸ்ரேயைப் பார்த்த பிறகுதான் விஷயம் தெளிவானது. வலது மேல்கை எலும்பு, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், திருகினாற்போல் சாய்வாக முறிந்திருக்கிறது. முதலில் போன இடத்தில் நாளைக் காலையே ஆபரேஷன் செய்து எலும்பின் மேல் பிளேட் (உலோகத் தகடு) வைத்துவிடலாம், அட்வான்ஸ் கட்டுங்கள் என்றிருக்கிறார்கள். இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் இப்போதைக்கு ஸ்லாப் (ஒரு பக்க மாவுக்கட்டு) போதும், வீக்கம் இறங்கியதும் பிரேஸ், அதாவது மேல்கையைச் சுற்றிப் பட்டையால் இறுக்குகிற உறை, போட்டுப் பார்க்கலாம் என்கிறார். பெரியப்பா நாட்டுக் கட்டு போட புத்தூருக்கு வண்டி பிடிக்கச் சொல்கிறார். ஆளுக்கு ஒன்று சொன்னால் யாருக்குத்தான் குழப்பம் வராது?

உனக்கு மட்டும் அனுப்பாமல் இதைப் பொதுவில் எழுதுகிறேன், ஏனென்றால் என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிறவர்களின் வீட்டிலும் இதே குழப்பம்தான். நான் கத்தி பிடிக்கிற டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படி. ஆனால் ஆபரேஷன் செய்தவர்களும் செய்யாதவர்களும் கடைசியில் கையைத் தூக்கப் பழக வருவது எங்களிடம்தான்.

உன்னுடையது மாதிரி முறிவுக்கு ஆபரேஷனா இல்லையா என்று ஒரே ராத்திரியில் முடிவு செய்ய வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. அதற்காகத் தேதியே இல்லாமல் தள்ளிக்கொண்டும் போகக் கூடாது.

முதலில் அவசரம் எப்போது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால், கைக்கு ரத்த ஓட்டம் நின்று விரல் குளிர்ந்து வெளுத்திருந்தால், முழங்கைக்குக் கீழேயும் உடைந்திருந்தால், அல்லது காலும் முறிந்து ஊன்றுகோல் பிடிக்க இந்தக் கை தேவைப்பட்டால், அங்கே பெரும்பாலும் பிரேஸ் என்ற பேச்சே வராது. உனக்கு இது எதுவும் இல்லை. பெரியம்மா பக்கத்து மாமா தனக்கு உடனே பிளேட் வைத்ததைச் சொல்லி உன்னைப் பயமுறுத்துகிறாராம். அவருக்கு உடைந்தது முன்கையின் இரண்டு எலும்பும். பெரியவர்களுக்கு அது கொஞ்சம் கோணலாகச் சேர்ந்தாலே உள்ளங்கையைத் திருப்ப முடியாமல் போகும், அதனால் அதற்குப் பெரும்பாலும் ஆபரேஷன்தான். மேல்கை எலும்பு அப்படியில்லை. முன்பக்கமாக இருபது டிகிரி வரையும் பக்கவாட்டில் முப்பது டிகிரி வரையும் சாய்ந்து சேர்ந்தால்கூட, தோளும் முழங்கையும் நன்றாக அசைவதால் அது வேலைக்கு இடைஞ்சலாக வருவதில்லை என்பதுதான் ரொம்ப காலமாக டாக்டர்கள் வைத்திருக்கிற கணக்கு.

இப்போதே ஒன்று செய்து பார். ஸ்லாப்புக்கு வெளியே தெரிகிற மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கு. கட்டை விரலை லிஃப்ட் கேட்கிற மாதிரி நிமிர்த்து. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கையில் தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா பார். மேல்கை எலும்பை ஒட்டிச் சுற்றிக்கொண்டு ரேடியல் நரம்பு என்று ஒன்று போகிறது, நடுவில் முறிகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அது அடிபட்டு மணிக்கட்டு தொங்கிப்போகும். விழுந்த அன்றே அப்படி ஆகியிருந்தால்கூடப் பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் தானாகவே திரும்பிவிடும், அது மட்டுமே உடனே கத்தி வைக்கக் காரணம் ஆகாது. ஆனால் இன்றைக்குத் தூக்க முடிகிறது, நாளைக்கு முடியவில்லை என்றால் டாக்டரிடம் ஓடு. தினமும் காலையில் பார்த்து சித்தியிடம் சொல்லிவிடு.

பிரேஸ் விஷயத்துக்கு வருகிறேன். அகஸ்டோ சார்மியென்டோ என்ற எலும்பு டாக்டர் 1977-இல் இதைப் பற்றி எழுதினார். கையைச் சுற்றிச் சதையை அழுத்திப் பிடித்தால் அந்த அழுத்தமே எலும்பை வரிசையில் வைத்திருக்கும், தொங்குகிற கையின் எடையும் நேராக்க உதவும் என்பது அவருடைய கணக்கு. 2000-இல் அவர் குழு வெளியிட்ட கட்டுரையில் 922 பேருக்கு பிரேஸ் போட்டு, 620 பேரைக் கடைசி வரை தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். தோல் கிழியாத முறிவுகளில் எலும்பு சேராமல் போனது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. கேட்கவே நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் பின்னால் வந்த பெரும்பாலான ஆய்வுகளில் இவ்வளவு நல்ல கணக்கு வரவில்லை. 2020-இல் பின்லாந்தில் 82 பேரைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் பிளேட்டும் மறுபக்கம் பிரேஸும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து, கை எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்பதில் இரண்டு பக்கத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதே சமயம், பிரேஸ் போட்டவர்களில் பத்தில் மூன்று பேர் அந்த வருடத்துக்குள் ஆபரேஷனுக்குப் போக வேண்டியதாயிற்று. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, அப்படித் தாமதமாகப் போனவர்களின் கை, முதலிலேயே செய்துகொண்டவர்களின் கை அளவுக்குத் தேறவில்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த மூன்று பேர்தான். நீ அந்த மூன்றில் ஒருவனா, ஏழில் ஒருவனா என்பதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உன் முறிவு திருகு முறிவு, இரண்டு துண்டும் நீளமாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கிறது, குறுக்கே வெட்டின மாதிரி உடைந்து இடைவெளி விட்ட எலும்பைவிட இது சேர வாய்ப்பு அதிகம். உனக்குச் சர்க்கரை இல்லை. சிகரெட் இருக்கிறது. அது எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும், கட்டு பிரிக்கிற வரைக்குமாவது விட்டுவிடு, கெஞ்சியே கேட்கிறேன்.

ஆகவே இரண்டு தேதி வைத்துக்கொள். முதல் தேதி, விழுந்ததிலிருந்து இரண்டு வாரம். அதற்குள் வாரம் ஒரு எக்ஸ்ரே, எலும்பு சாய்கிறதா, நடுவில் இடைவெளி விழுகிறதா என்று டாக்டர் பார்ப்பார். ஆபரேஷன்தான் என்று முடிவானால் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் செய்வது சுலபம், அதற்கப்புறம் புது எலும்பு படர ஆரம்பித்துவிடும், நரம்பும் சுற்றியுள்ள தழும்போடு ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது தேதி ஆறாவது வாரம். அன்றைக்கு டாக்டர் பிரேஸைக் கழற்றி முறிந்த இடத்தைப் பிடித்து மெதுவாக அசைத்துப் பார்க்கச் சொல். எக்ஸ்ரேயில் வெள்ளையாகப் படருவது தெரிகிறதா என்பது மட்டும் போதாது. ஆறு வாரத்திலும் அந்த இடம் கைக்குள் தாராளமாக அசைந்தால் அது தானாகச் சேரும் என்று காத்திருப்பதில் பெரிய பலன் இல்லை. இன்னும் ஒரு மாசம், இன்னும் ஒரு மாசம் என்று ஆறு மாதம் ஓட்டிவிட்டு, இடுப்பு எலும்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து வைத்துப் பிளேட் போடுகிற நிலைமைக்கு வந்தவர்களை நான் பார்க்கிறேன்.

பிரேஸோடு வாழ்வது லேசு என்று நினைத்துவிடாதே. முதல் சில வாரம் படுத்துத் தூங்க முடியாது, முதுகுக்குத் தலையணை அடுக்கி உட்கார்ந்த வாக்கில்தான். உள்ளே கடக் கடக்கென்று அசைவது உனக்கே தெரியும், பயப்படாதே. முழங்கைக்குக் கீழே தலையணை வைத்துத் தாங்கக் கூடாது, நாற்காலிக் கையில் ஊன்றவும் கூடாது, ஊன்றினால் எலும்பு மேலே தள்ளிச் சாயும். வீக்கம் இறங்க இறங்க பிரேஸ் லூசாகும், பட்டையைத் தினமும் இழுத்து இறுக்க வேண்டும். அக்குளில் வியர்வை தங்கிப் புண்ணாகும், உள்ளே மெல்லிய பருத்தித் துணி போட்டு அடிக்கடி மாற்று. விரலையும் மணிக்கட்டையும் முழங்கையையும் முதல் வாரத்திலிருந்தே அசைக்க வேண்டும், எப்படி என்று நான் வீடியோ காலில் காட்டுகிறேன்.

உன் வேலையை யாரும் கேட்கவில்லை என்று சித்தி சொன்னதும் எனக்குக் கோபமே வந்துவிட்டது. லேத் பட்டறையில் நிற்கிறவன் நீ, கடைய வேண்டிய துண்டை லேத்தின் பிடியில் (சக்கில்) மாட்டி சாவி போட்டு இறுக்குவது இந்த வலது கைதான். பிளேட் வைத்தால் முதல் சில மாதம் கை பெரும்பாலும் சீக்கிரம் தேறும், வலியும் சீக்கிரம் குறையும். ஒரு வருடத்தில் இரண்டும் ஒன்றுதான் என்கிற கணக்கு, மாசா மாசம் வாடகையும் தவணையும் கட்டுகிறவனுக்கு எப்படிப் போதும்? அதனால் நீ யோசித்துப் பார்த்து இரண்டு வாரத்துக்குள் ஆபரேஷனே செய்துகொள்கிறேன் என்றால் அது அவசரக்குடுக்கைத்தனம் இல்லை, நான் உன் பக்கம்தான் நிற்பேன். அதன் விலையையும் தெரிந்துகொண்டு போ. அதே ரேடியல் நரம்பை ஒதுக்கித்தான் பிளேட்டை வைக்க வேண்டும், கொஞ்சம் பேருக்கு அதனாலேயே மணிக்கட்டு தற்காலிகமாகத் தொங்கும், சீழ் பிடிக்கிற ஆபத்தும் சிறிது உண்டு. பிளேட்டை எப்போது எடுப்பார்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். தொந்தரவு இல்லாவிட்டால் எடுக்கவே தேவையில்லை, எடுக்கப் போனால் திரும்பவும் அந்த நரம்பைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பெரியப்பாவிடம் நானே பேசுகிறேன். கட்டு போட்டுச் சேர்ந்தவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள், மேல்கை எலும்பு பல பேருக்குத் தானாகவே சேரக்கூடியதுதான். ஆனால் இறுக்கிக் கட்டி வீங்கினால் ரத்த ஓட்டம் நின்று கையே போகும், நரம்பு ஓடுகிற இடத்தில் எண்ணெய் போட்டு நீவுவதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

பிளேட் வைக்கச் சொன்ன டாக்டரிடம் திரும்பப் போய், சண்டை போடாமல், “இரண்டு வாரம் காத்திருந்தால் எனக்கு என்ன நஷ்டம்?” என்று கேள். காரணம் சொன்னால் கேட்டுக்கொள், அவர் நேரில் பார்த்த ஏதோ ஒன்று நமக்கு எக்ஸ்ரேயில் தெரியாமல் இருக்கலாம். பணம்தான் கவலை என்றால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னாலேயே விசாரி, இல்லாவிட்டால் அரசு மருத்துவமனை எலும்புப் பிரிவில் ஒரு சீட்டுப் போட்டுக் காட்டு.

வியாழக்கிழமை எக்ஸ்ரே எடுத்ததும் நேர்ப்படம், பக்கப்படம் இரண்டையும் அனுப்பு, போன வாரப் படத்தோடு சேர்த்து. டாக்டரிடம் போகும்போது சித்தியைக் கூட்டிக்கொண்டு போகாதே, அவள் அழுவதைச் சமாதானப்படுத்துவதிலேயே உனக்கு நேரம் போய்விடும். சித்தப்பாவைக் கூப்பிடு.

அன்புடன்,
அக்கா