திங்கட்கிழமை காலைக் கூட்டம் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

தரம் 8 சுற்றுலாவுக்குச் சேர்த்த பணத்தில் 1,500 ரூபாய் சென்ற மாதம் மேசை லாச்சியிலிருந்து காணாமல் போனது உங்களில் பலருக்குத் தெரியும். அன்று வகுப்பில் தனியாக இருந்தான் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மாணவனைக் காலைக் கூட்டத்தில் பேர் சொல்லி முன்னே அழைத்து விசாரித்தேன். அவன் எடுக்கவில்லை. எடுத்த பிள்ளை நாலு நாள் கழித்துத் தானாகவே வந்து என்னிடம் சொல்லிவிட்டது.

அந்தப் பிள்ளையின் வீட்டார் அன்றைக்கே முழுப் பணத்தோடு வந்தார்கள். நான் வாங்கவில்லை. அடுத்தவர் பொருளை எடுத்தவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டிக் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் கடவுளுக்குப் பலி என்கிறது பைபிளின் லேவியராகமம் 6ஆம் அதிகாரம். இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவன் சகேயு, ஏமாற்றி வாங்கியதற்கு நாலு மடங்கு தருகிறேன் என்றான். நாம் ஐந்தில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டோம்: மொத்தம் 1,800. வாரம் 100 ரூபாயாகத் தன் கைக்காசிலிருந்து 18 வாரத்தில் தருவதாகப் பிள்ளையே ஒத்துக்கொண்டது. தயவுசெய்து யாரும் அது யார் என்று வீட்டில் துருவ வேண்டாம்.

சரி, என் கடன் என்ன? காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னதை 20 வருடமாக வகுப்பில் படிப்பிக்கிறேன். அந்த ஞாயிறு பூசைக்குப் போகாமல் அந்த மாணவன் இருக்கும் லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்குப் போனேன். முன் திண்ணையான இஸ்தோப்பில் உட்காரச் சொல்லி அப்பாயி தேத்தண்ணி தந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல், "கூட்டத்துலயும் சொல்வீங்களா சேர்?" என்று கேட்டான்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எல்லோர் முன்னும் பறித்ததை இஸ்தோப்பில் ரகசியமாகத் திருப்பிக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன். குற்றம் செய்யாதவரை வெளியே நிறுத்துவதன் வலி மலையகத்துக்குத் தெரியாததா? 1948இன் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரான நம் தாத்தா, பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. அதில் மிஞ்சியிருந்தவர்களுக்கும் உரிமை தரும் சட்டம் வர 2003 ஆகிவிட்டது. அந்தப் பரம்பரையில் வந்த நானே ஒரு பிள்ளையைத் தீர விசாரிக்காமல் குற்றவாளியாக நிறுத்தினேன்.

வருகிற திங்கள் காலை 7.40க்கு, அதே மேடையில், பிள்ளைகள் எல்லோர் முன்னும் அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கோவிலுக்குப் போகிறவர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள் எல்லோரும் வாருங்கள். கொழுந்து மலைக்குப் போக வேண்டியவர்களுக்காக 8 மணிக்குள் முடித்துவிடுவோம். அவனுடைய அப்பாயிக்கு முன் வரிசையில் நாற்காலி போட்டிருக்கும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்