மூச்சுக்குழாய்த் தையல்

அன்புள்ள கலா,

உன் கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. மகளுக்கு வேலை கிடைத்துவிட்டதா! இனிமேலாவது நீ நிம்மதியாகத் தூங்குவாய். எனக்கு முழங்கால் வலிதான் பெரிய செய்தி. அதை விடு.

வைட்டமின் டி ஆஸ்துமாவுக்கு நல்லதாமே, அதைச் சாப்பிட்டால் இன்ஹேலரை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். நிறுத்திவிடாதே.

உனக்கு யாரோ சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ஆய்வகத்தில் இருந்த காலத்தில் மூச்சுக்குழாயின் உள்வரிச் செல்களைத்தானே வளர்த்துக்கொண்டிருந்தேன்? அந்தச் செல்கள் ஒன்றோடொன்று தைத்ததுபோல் ஒட்டி நிற்கும். ஈ-கேடரின், ஆக்லூடின், கிளாடின் என்ற புரதங்கள்தான் தையல். தையல் இறுக்கமா என்று பார்க்க, செல் படலத்தின் குறுக்கே துளி மின்சாரம் விட்டு மின்தடையை அளப்போம். சிகரெட் புகைச் சாறு பட்டால் அந்த எண் சரியும், அதாவது தையல் தளரும். தூசிப் பூச்சியின் நொதிகளும் தையலை அறுக்கும். அந்த ஓட்டை வழியாகத்தான் ஒவ்வாமைப் பொருள்கள் உள்ளே நுழைகின்றன. செல்களுக்கு வைட்டமின் டி கொடுத்திருந்தால் புகைச் சாறு பட்டாலும் சரிவு குறைகிறது.

எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று. வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுவது சிறுநீரகம் என்றுதானே படித்தோம்? மூச்சுக்குழாய்ச் செல்லிலும் அதே நொதி இருக்கிறது. தனக்கு வேண்டியதைத் தானே மாற்றிக்கொண்டு, கிருமியைக் கொல்லும் கேத்தலிசிடினையும் சுரக்கிறது. கெட்டிக்காரச் செல்!

ஆனால் தட்டில் வளரும் செல் வேறு, மூச்சு வாங்கும் மனுஷி வேறு. வைட்டமின் டி ஆஸ்துமாவின் கடும் தாக்குதல்களைக் குறைப்பதாக 2016-இல் காக்ரேன் தொகுப்பாய்வு (பல மருத்துவச் சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வு) சொன்னது. கூடுதல் சோதனைகளைச் சேர்த்து 2023-இல் மறுபடி பார்த்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. வைட்டமின் டி கடுமையாகக் குறைந்தவர்கள் அந்தச் சோதனைகளில் மிகக் குறைவு என்பதால், அவர்கள் விஷயத்தில் கதவு இன்னும் மூடவில்லை.

அதனால் முதலில் ரத்தத்தில் அளவைப் பார். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் டாக்டர் சொல்லும் அளவில் சாப்பிடு, எலும்புக்காவது உதவும். நீயாக வாங்கி அள்ளிப் போட்டுக்கொள்ளாதே. கொழுப்பில் கரைவது, உடம்பிலேயே தங்கும். மிதமிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

ரிப்போர்ட் வந்ததும் எண்ணை எழுது. பக்கத்து அறையில் அவர் இன்னும் புகைக்கிறாரா? அதையும் மறைக்காமல் எழுது.

உன்,
சாந்தி