இ-வே பில் தளத்தைக் கூகுளில் தேட வேண்டாமே

ஆசிரியருக்கு வணக்கம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினைந்து வருஷமாகக் கணக்கு பார்க்கிறேன். தொழில் சாப்ட்வேர் பற்றிப் பத்திரிகைகளில் வருவதை விடாமல் படிப்பேன். எல்லாம் அவ்வளவு மிச்சம், இவ்வளவு வேகம் என்றே போகும். தினமும் எங்கள் உயிரை வாங்குகிற ஒரு சின்ன விஷயத்தை யாரும் எழுதக் காணோம்.

சாயங்காலம் ஆறு மணி, வாசலில் லாரி லோடாகி நிற்கிறது, டிரைவர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். சரக்கோடு அனுப்ப வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில்லை எடுக்க, புதிதாகச் சேர்ந்த பையன் கூகுளில் 'இ-வே பில் லாகின்' என்று அடிக்கிறான், முதலில் வந்த விளம்பரத்தைத் தட்டுகிறான், அசல் மாதிரியே ஒரு பக்கம் வந்து பெயர், செல் நம்பர், ஜிஎஸ்டி நம்பர் கேட்கிறது, கொடுத்தும் விட்டான். அப்புறம் மூன்று நாள் ஃபோன் மேல் ஃபோன், 'ரிட்டர்ன் நாங்களே போட்டுத் தர்றோம் சார்' என்று. நல்லவேளை, பாஸ்வேர்டு கேட்கவில்லை.

11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்), 15இல் தொழிலாளர்களுக்கான பிஎஃப், ஈஎஸ்ஐ, 20இல் ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் ரிட்டர்ன்) என்று மாதம் முழுக்க நாங்கள் ஏறி இறங்குகிற தளங்கள் ஏழெட்டுதான். அவற்றை பில் போடுகிற சாப்ட்வேரின் மெனுவிலேயே வைத்துவிடலாம். எங்களிடம் இருப்பது ஓடூ (Odoo) என்ற சாப்ட்வேர். மறைந்திருக்கும் அமைப்புகளைக் காட்டுகிற டெவலப்பர் மோடை ஆன் செய்து, செட்டிங்ஸில் டெக்னிக்கல் என்ற பகுதிக்குள் போய், மெனு ஐட்டம் ஒன்று புதிதாகத் தொடங்கி, ஆக்‌ஷன் வகையில் யூஆர்எல்லைத் தேர்ந்து முகவரியை ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். புது டேபில் திறக்கும்படி வையுங்கள். அந்தத் தளத்தையே சாப்ட்வேருக்குள் கட்டம் கட்டிக் காட்டலாமே என்று தோன்றும், ஆனால் பேங்க் தளங்கள் பாதுகாப்புக்காக அதற்கு இடம் கொடுப்பதில்லை, வெள்ளைப் பக்கம்தான் வரும். (நான் ஒரு மதியம் முழுக்க முட்டிப் பார்த்தவன்.)

பிரவுசரில் புக்மார்க் போட்டால் போதாதா என்று முதலாளியே கேட்டார். 2021 ஜூன் 7 அன்று வருமான வரித் தாக்கல் தளத்தின் முகவரி மாறியதே, அன்றைக்கு எங்கள் ஆபீசில் ஆறு கம்ப்யூட்டர், ஆறிலும் பழைய புக்மார்க், ஒவ்வொன்றாக உட்கார்ந்து மாற்றினேன். மெனுவில் இருந்திருந்தால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும், எல்லோருக்கும் மாறிவிடும். அது மட்டுமா, யாருக்கு எது தெரியவேண்டும் என்றும் பிரிக்கலாம்: குடோன் ஆளுக்கு இ-வே பில் மட்டும், பேங்க் தளம் எனக்கும் முதலாளிக்கும்.

முகவரியைப் போடுகிறவர் ஒருவராக இருக்கட்டும், அரசுத் தளமென்றால் தளப் பெயர் ஜிஓவி டாட் இன் (gov.in) என்று முடிகிறதா என எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டுப் போடட்டும். தப்பான முகவரி மெனுவில் ஏறிவிட்டால் மொத்த ஆபீசும் அதே குழியில் விழும். பாஸ்வேர்டை மெனுப் பெயரோடு சேர்த்து எழுதி வைக்கிற புத்திசாலிகளும் உண்டு, தயவுசெய்து வேண்டாம்.

சாப்ட்வேர் போட்டுத் தந்தவர் இதற்குத் தனியாகக் காசு கேட்டார். சரி என்று நானே போட்டுவிட்டேன், ஒரு லிங்குக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வருஷப் பராமரிப்புக்குப் பணம் கட்டுகிறவர்கள் அதிலேயே சேர்த்துச் செய்து தரச் சொல்லிக் கேளுங்கள்.

— பனியன் கம்பெனிக் கணக்காளர் ஒருவர், திருப்பூர்