புகைபோக்கி இல்லாத பண்ணை வீடு

ஆசிரியருக்கு வணக்கம். ஞாயித்துக்கிழமை மலர்ல இங்கிலாந்து பழைய வீடுகள் கட்டுரை படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா எல்லா படத்துலயும் புகைபோக்கி இருக்கறத பாத்து அங்க எப்பவுமே அப்படித்தான்னு நினைச்சுடக்கூடாது சார். கென்ட்ல இருந்த பேலீஃப் பண்ணை வீட்டையே எடுத்துக்கோங்க, 1400கள் ஆரம்பத்துல கட்டுனது, நடு ஹால்ல தரைமேலயே அடுப்பு, புகை மேல ஏறி கூரை வழியாதான் வெளிய போகணும், ஜன்னல்ல கண்ணாடியும் கிடையாது, மரக்கம்பியும் உள்பக்கம் பலகைக் கதவும்தான். அந்தக் குளிர்ல! சுவரு ஓக் மரச்சட்டம், நடுவுல குச்சி பின்னி களிமண் பூச்சு, நம்ம ஊரு மண்சுவரு மாதிரியேதான். இணைப்பெல்லாம் மரமுளைதான்.

1960கள்ல அந்த இடத்துல பவ் பீச்ங்கற நீர்த்தேக்கம் வருதுன்னு வீட்டயே சட்டம் சட்டமா கழட்டி, சசெக்ஸ்ல சிங்கிள்டன்ங்கற ஊர்ல இருக்கற பழைய வீடுகளோட திறந்தவெளி மியூசியத்துல மறுபடி பூட்டிட்டாங்க, ஆணி அடிச்ச வீடா இருந்தா இவ்ளோ சுலபமா பிரிச்சிருக்க முடியுமான்னு தெரியல. இதோட படம் ஒண்ணு கிடைச்சா போடுங்க சார்.

- ஒரு வாசகர், கும்பகோணம்